பதினெட்டு இழை

அண்ணி: உன் பச்சைக் கட்டமெல்லாம் எங்க போச்சு?

நாத்தனார்: எந்தப் பச்சை?

அண்ணி: சுவத்துல ஒட்டியிருக்கற அட்டவணையப் பாத்துப் பேசு. நீலம் என் போர்வை, பச்சை உன் சால்வை. ஒரு கட்டம் ஒரு மணி நேரம். நீலம் கிடுகிடுன்னு ஏறுது. பச்சை போன வாரம் புதன்கிழமையோட நிக்குது.

நாத்தனார்: பென்சில் முனை உடைஞ்சுபோச்சு அண்ணி.

அண்ணி: பென்சில் உடைஞ்சா தறியும் நின்னுடுமா? எட்டு சால்வை சொல்லியிருக்கோம். மூணுதான் முடிஞ்சிருக்கு. நாலாவது முழங்கை நீளம்கூட வரல.

நாத்தனார்: வந்துடும்.

அண்ணி: எப்போ? கண்காட்சிக்குப் பன்னெண்டு நாள். அலசிக் காயவைக்க ரெண்டு நாள், குஞ்சம் முறுக்க ஒரு நாள். மிச்சம் ஒம்பது. ஒம்பது நாள்ல அஞ்சு சால்வை... கணக்குப் போட்டுப் பாத்தியா?

நாத்தனார்: கணக்குல நீங்கதான் புலியாச்சே. நான் எதுக்கு? முதல்ல இந்த டீயப் பிடிங்க.

அண்ணி: அங்க வை.

நாத்தனார்: ஆறிடும். கையில வாங்குங்க.

அண்ணி: வைன்னு சொன்னேன்ல.

நாத்தனார்: அது என்ன, இப்பல்லாம் வலது கையால எதையும் வாங்கறதில்ல?

அண்ணி: நேரமில்லாம நான் தவிக்கறேன், நீ என் கைய ஆராய்ச்சி பண்ணிட்டு இரு. சரி, அடுத்தது. பழுப்பு நூல்.

நாத்தனார்: அதுக்கு என்ன?

அண்ணி: போர்வைக்குன்னு ஒம்பது நூல்கண்டு எடுத்து வெச்சேன். பாதிப் போர்வை ஆகியிருக்கு. நாலு கண்டாவது மிஞ்சியிருக்கணும். ரெண்டுதான் இருக்கு.

நாத்தனார்: எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

அண்ணி: ஆமா, கறுப்பு, வெள்ளை, சிவப்பு எதுவும் பிடிக்காத எலி. பழுப்புதான் வேணும்னு அடம் பிடிச்சுதாம்.

நாத்தனார்: எலிக்கும் ரசனை இருக்கும்ல?

அண்ணி: சிரிக்காத குட்டி. எனக்குச் சிரிப்பு வரல.

நாத்தனார்: நாப்பது வயசாச்சு, இன்னும் குட்டியா?

அண்ணி: பேச்ச மாத்தாத. உன் நேரமும் காணோம், என் நூலும் காணோம். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தா... கேட்டுடறேன். வேற யாருக்காவது நெய்யறியா?

நாத்தனார்: ஐயோ அண்ணி!

அண்ணி: கோபமில்ல. வேற இடத்துல வேலை கிடைச்சிருந்தா சொல்லிடு. ரெண்டு நாளா இதே நெனப்பு. நீ போயிட்டா ரெண்டு தறியையும் நான் ஒருத்தி எப்படி ஓட்டுவேன்?

நாத்தனார்: உங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்? அண்ணன விட்டுட்டுப் போனாலும் போவேன், உங்கள விடமாட்டேன்.

அண்ணி: அப்போ மத்தியானம் நான் போய்ப் படுத்தப்புறம் என் பெரிய தறி சத்தம் ஏன் கேக்குது?

நாத்தனார்: ...கனவா இருக்கும். சத்து மாத்திரை போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறீங்க. அது என்ன சத்து மாத்திரையோ, தூக்கம் மட்டும்தான் வருது.

அண்ணி: மாத்திரைய விடு. நேத்து நான் தூங்கல. கண்ண மூடிட்டுக் கிடந்தேன். இழைய நெருக்கற பலகை விழற சத்தம் கேட்டுது. மெல்ல ஒண்ணு, ஓங்கி ஒண்ணு. மெல்ல ஒண்ணு, ஓங்கி ஒண்ணு. அது உன் அடி இல்ல. நீ எப்பவும் ஒரே அடி. அது... என் அடி. நான் படுத்திருக்கேன், என் அடி தறியில கேக்குது. எந்திரிச்சு வந்து பாக்கப் பயந்துட்டு அப்படியே கிடந்தேன்.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: சொல்லு.

நாத்தனார்: நான்தான்.

அண்ணி: என் தறியில உக்காந்தியா?

நாத்தனார்: பதினாறு வருஷமா பக்கத்துத் தறியில உக்காந்து கேக்கற சத்தம். பழகிடுச்சு. ஒரு பழைய பாவு நூல்ல கொஞ்ச நேரம் அடிச்சுப் பாத்துட்டுத்தான் போர்வையில கை வெச்சேன்.

அண்ணி: ஒரு துணிக்கு ஒரு கைதான்னு உனக்குத் தெரியாதா? ரெண்டு பேர் அடிச்சா நடுவுல பட்டை விழும். மாட்டி வெச்சா குருடனுக்கும் தெரியும். கண்காட்சிக்கு முன்வரிசையில வைக்கற போர்வை அது!

நாத்தனார்: பட்டை விழல. விழுந்திருந்தா உங்க கண்ணுக்குத் தப்புமா?

அண்ணி: ...எதுக்கு? உன் வேலைய விட்டுட்டு என் வேலைய எதுக்குச் செஞ்ச? நீளம் நான் விட்ட இடத்துலதானே இருக்கு? ஒரு அங்குலம்கூட நீ ஏத்தலையே.

நாத்தனார்: ஏத்தல.

அண்ணி: அப்புறம் என்னதான் பண்ணின?

நாத்தனார்: பிரிச்சேன்.

அண்ணி: என்னது?

நாத்தனார்: காலையில நீங்க நெய்ததப் பிரிச்சுட்டு, அதே நீளத்துக்குத் திருப்பி நெய்தேன். தினம். எட்டு நாளா. பிரிச்ச நூல் நைஞ்சுபோகும், புது நூல்தான் போட்டேன்; அதான் கூடுதலா போயிடுச்சு. உங்களோடது... நெருக்கமா விழல அண்ணி. நூல் குறைச்சலா பிடிச்சிருந்துச்சு.

அண்ணி: என் துணி நெருக்கமா விழலையா? யார்கிட்ட சொல்ற?

நாத்தனார்: கோவிச்சுக்காதீங்க.

அண்ணி: நான் தினம் காலையில ஸ்கேல் வெச்சு எண்ணறேன். நெய்யறப்போ இழுபட்டு நிக்கும், எண்ணினா பொய் சொல்லும். அதனால மறுநாள் காலையில பாவு நூலத் தளர்த்தி விட்டுட்டு, முதல் வேலையா எண்ணறேன். அங்குலத்துக்குப் பதினெட்டு இழை. எட்டு நாளும் பதினெட்டு. இன்னிக்கும் பதினெட்டு.

நாத்தனார்: அது நான் நெய்த பதினெட்டு. நீங்க எண்ணறது மறுநாள் காலையில. நான் பிரிக்கறது அன்னிக்கு மத்தியானமே.

அண்ணி: என்னோடது எவ்வளவு இருந்துச்சு?

நாத்தனார்: விடுங்க. டீ ஆறிப்போச்சு, வேற போட்டுட்டு வரேன்.

அண்ணி: உக்காரு. முதல் நாள் எவ்வளவு?

நாத்தனார்: பதினாறு. களைப்புன்னு நெனச்சேன். யாருக்கும் ஒரு நாள் அப்படி ஆகறதுதான்.

அண்ணி: அப்புறம்?

நாத்தனார்: ரெண்டு நாள் பதினஞ்சு. ஞாயித்துக்கிழமை பதினாலு... வேணாம் அண்ணி.

அண்ணி: நேத்து?

நாத்தனார்: என்னை ஏன் சொல்ல வைக்கறீங்க...

அண்ணி: நேத்து எவ்வளவு குட்டி?

நாத்தனார்: பதினொண்ணு.

அண்ணி: ...பதினொண்ணா?

நாத்தனார்: மூணு தடவை எண்ணினேன். நீங்க ஓங்கித்தான் அடிக்கறீங்க, நான் பாக்கறேன். ஆனா பலகை வந்து சும்மா தொட்டுட்டுப் போகுது. நூல் ஓட்டற நாடா ரெண்டு தடவை உங்க கையிலிருந்து நழுவிச்சு, நீங்க கால்ல தட்டிவிட்ட மாதிரி நடிச்சீங்க. நானும் பாக்காத மாதிரி நடிச்சேன்.

அண்ணி: ஏன் சொல்லல?

நாத்தனார்: பயம்! வேற என்ன? என் வாயால சொல்லிட்டா அது நெஜமாயிடும்போல இருந்துச்சு. கண்காட்சி முடியட்டும், போர்வைய மாட்டிட்டு நீங்க சிரிக்கறதப் பாத்துட்டு, மறுநாள் இழுத்துட்டுப் போயாவது டாக்டர்கிட்ட காட்டிடணும்னு இருந்தேன். பன்னெண்டு நாள்தானேன்னு... கிளம்புங்க, இப்பவே போலாம். சால்வையும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஏன் இப்படிப் பாக்கறீங்க? திட்டணும்னா திட்டிடுங்க. உங்க துணியக் காப்பாத்தத்தான் அண்ணி செஞ்சேன். பேசுங்களேன்...

அண்ணி: உன்னைத் திட்ட என்ன இருக்கு? நான் மூணு வாரம் முன்னாடியே டாக்டரப் பாத்துட்டேன், உங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது. "பலம் திரும்புச்சுன்னா கண்காட்சி முடிச்சுட்டே ஸ்கேனுக்கு வாங்க, குறைஞ்சுட்டே போனா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க"ன்னாரு. என் கைக்கு என்கிட்ட வேற என்ன அளவு இருக்கு, இந்தத் துணிதான். விரல் மரத்துப்போகுது, டீ டம்ளர் நிக்கமாட்டேங்குது, ஆனா காலையில எண்ணினா பதினெட்டு... நான் விரல நம்பல குட்டி, துணிய நம்பினேன். கை தேறிடுச்சுன்னு திங்கக்கிழமை ஸ்கேனுக்கு வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிட்டு, மிச்சமான அந்த நாலு மணி நேரமும் உக்காந்து போர்வை நெய்தேன்.