கிணற்று நீச்சல்

பாண்டியராஜ்: பலாப்பழம்னா ஒரு தட்டுல சொல்லிருவேன் தம்பி. இந்தப் படகு என்னமோ...

பிரிட்டோ: சத்தம் கணீர்னு வரணும்ணே. மொத்துன்னு கேட்டா உள்ள தண்ணி எறங்கியிருக்கு. அத வாங்கக் கூடாது.

பாண்டியராஜ்: இது கணீர்னுதான் இருக்கு.

பிரிட்டோ: நல்ல படகுதான்.

ஜீவிதா: கடலு எங்க, சாணார்பட்டி எங்க? புளியமரத்தடியில படகு நிக்கிறத இப்பத்தாண்ணே பாக்குறேன்.

பிரிட்டோ: தூத்துக்குடில இருந்து லாரியில வந்துச்சு.

பாண்டியராஜ்: இது வெறும் படகு இல்ல ஜீவிதா, யாட்டு! பாய் கட்டி ஓட்டுறது, இருபத்திநாலு அடி. உள்ள ரெண்டு பேரு படுக்கலாம்.

ஜீவிதா: எங்க வீட்டுக்காரரு நத்தத்து மாங்காய ஏத்திக்கிட்டு இலங்கைக்குப் போகப் போறாருண்ணே.

பாண்டியராஜ்: நக்கலப் பாத்தீகளா தம்பி? கல்யாணமாகி ஒம்பது வருசம். ஒரு நா என்னைய நம்புனதில்ல. தொண்டிக் கடல்ல எறக்குறேன். மொத ஆளா இவள உக்கார வச்சு...

பிரிட்டோ: ஓட்டக் கத்துக்கிட்டீங்களா?

பாண்டியராஜ்: வீடியோ பாத்துருக்கேன்.

பிரிட்டோ: வீடியோ...

பாண்டியராஜ்: அம்பது வீடியோ தம்பி! ஏறு ஜீவிதா, ஏணியப் புடிச்சுக்க. ஆமா, இது என்ன குறுக்க கெடக்கு?

பிரிட்டோ: பாயோட அடிக்கம்பு. பின்னாடி காத்து அடிக்கையில செத்த மாறுச்சுன்னா, இந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பக்கம் வீசும். குறுக்க தலை நின்னா தலையையும் சேத்து அடிக்கும்.

பாண்டியராஜ்: குனிஞ்சுட்டாப் போச்சு. இந்தச் சட்டை ரெண்டும் என்ன, கவரே பிரிக்கல?

பிரிட்டோ: லைஃப் ஜாக்கெட். கரையிலயே போட்டுட்டுத்தான் ஏறணும்.

பாண்டியராஜ்: எனக்கெதுக்கு? எங்க தோட்டத்துக் கெணறு எழுவது அடி. மோட்டார் ரூம் மேல நின்னு தலகீழாக் குதிப்பேன். இவளும் நல்லா நீஞ்சுவா.

பிரிட்டோ: கெணத்துக்கு நாலு பக்கமும் செவரு இருக்குண்ணே.

பாண்டியராஜ்: அதனால?

பிரிட்டோ: எங்குட்டு நீஞ்சுனாலும் பத்து கையில கரை வந்துரும். கடல்ல வராது.

பாண்டியராஜ்: விக்க வந்த ஆளு பயமுறுத்துறீகளே...

பிரிட்டோ: இத மொதல்ல வாங்குனவரும் திண்டுக்கல்காரருதான். அவரும் இப்படித்தான்...

ஜீவிதா: சொல்லுங்கண்ணே.

பிரிட்டோ: அவரு சம்சாரமும் கெணத்துல நீச்ச பழகுனவங்க. ஏறுமுன்ன அந்தச் சட்டையக் கையில எடுத்தாங்க. ‘உனக்கு எதுக்குடி இது, போட்டோவுல குண்டாத் தெரிவ’ன்னு அவரு சிரிச்சாரு. வச்சிட்டாங்க.

பாண்டியராஜ்: அப்புறம்?

பிரிட்டோ: காத்து மாறுச்சு. கம்பு தலையில... மயங்கித் தண்ணியில விழுந்தா நீச்ச தெரிஞ்சென்ன, தெரியாட்டி என்ன.

பாண்டியராஜ்: அவரு குதிக்கலயா?

பிரிட்டோ: குதிச்சா படகு ஆளில்லாமப் போயிரும். திருப்பிக் கொண்டு வரணும். அத அவரு பழகல. முட்டி மோதித் திரும்பி வாரப்ப... தண்ணிதான் இருந்துச்சு.

பாண்டியராஜ்: இந்தப் படகுலயா?

பிரிட்டோ: நீங்க நிக்கிற எடந்தான்.

பாண்டியராஜ்: ...எறங்கு ஜீவிதா. எறங்குடி மொதல்ல. தப்பா நெனைக்காதீக தம்பி, ஒரு உசுரு போன படகு... எனக்கு வேணாம். நான் போயி வண்டியத் திருப்புறேன், நீ வா.

ஜீவிதா: வாரேன், போங்க... அப்பாடா. போயிட்டாரு. உங்க கால்லதாண்ணே விழணும்.

பிரிட்டோ: எதுக்கும்மா?

ஜீவிதா: நேத்து நான் போன்ல அழுதப்பக் கூட, முன்னப் பின்ன தெரியாதவளுக்காக இத செய்வீங்கன்னு நெனைக்கல. ‘எதையாச்சும் சொல்லி இவரு ஆசைய முறிச்சு விடுங்க’ன்னுதான் கேட்டேன். இம்புட்டு அச்சு அசலா ஒரு கதை கட்டுவீங்கன்னு... எனக்கே நெசந்தானோன்னு தோணிருச்சு.

பிரிட்டோ: ம்.

ஜீவிதா: வந்த யாவாரம் என்னால போச்சு. வீட்டுல அண்ணி வைவாகளா? நான் வேணா ஒரு வார்த்தை அவுககிட்டப் பேசட்டுமாண்ணே?

பிரிட்டோ: பேச முடியாது தங்கச்சி. அந்தச் சட்டையப் போட வேணாம்னு சிரிச்சவன் நாந்தான்.