லீவு நாளில் பேசிய குரல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்து வரிசை வெள்ளைச்சட்டைக்காரரிடம் சொன்னாள்: “அண்ணாச்சி, நேத்து நான் லீவு. ஆனா என் குரல் வேல பாத்திருக்கு.”

அவர் லாட்ஜ் முதலாளி, அவள் அங்கே போன் எடுப்பவள் என்பது பேச்சில் புரிந்தது.

“நீ இல்லாதப்ப போன்ல அது பதில் சொல்லத்தானம்மா ஒன் குரல கம்ப்யூட்டர்ல பதிஞ்சோம்? இனிமே எல்லா லாட்ஜும் இப்படித்தான்.”

“நான் தெனமும் மொட்டமாடியில ஏறி அருவியப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுதேன். அது எந்த மாடியில ஏறிச்சு? வெள்ளம் வந்து நேத்து காலையிலயே குளிக்கத் தடை. அது நாள் முழுக்க ‘வாங்க, தண்ணி நல்லா விழுது’ன்னு சொல்லியிருக்கு.”

“சீசன்ல அப்படிச் சொல்லத்தான் சொன்னேன். தடைய ஒரு நாள்ல எடுத்துருவாங்க.”

அவருடைய போன் அடித்தது. சிவகிரியிலிருந்து வேனில் வந்த குடும்பத்தை அருவிக்கரையில் போலீஸ் மறித்திருக்கிறது. அந்த ஆள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“வருசா வருசம் வருதோம். செல்வியக்கா சொன்னத நம்பித்தானே பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தோம்!”

முதலாளி போனை அவளிடம் நீட்டினார். “ஏட்டி செல்வி, நீயே சமாதானம் சொல்லு.”

அவள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அதையும் அந்தக் குரலையே சொல்லச் சொல்லுங்க, அண்ணாச்சி.”