டம்ளர் தட்டியதும் நான் குனியாததும்

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்திரண்டு. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். முகவரி கேட்டபோது படகு என்றேன். தண்ணீரில் நிற்பதை முகவரியாக எழுத முடியாது என்று போலீஸ் அதிகாரி சொன்னதால், படகுத்துறை, மூன்றாம் மேடை என்று எழுதச் சம்மதித்தேன். தலையில் கட்டு இருந்தாலும் நல்ல நினைவோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி இதைச் சொல்கிறேன்.

நானும் என் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறினோம். படகு ஆசை என்னுடையது. தன் தையல் மெஷினும் கூட வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் அவள் சம்மதித்தாள். கிழிந்து கிடந்த பாயை அந்த மெஷினில்தான் தைத்துக் கொடுத்தாள். ஆனால் மெஷின் பாரத்தில் படகு இடப்பக்கம் சாய்ந்தே நின்றதால், சென்ற வாரம் அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெஷினைத் துறையிலுள்ள தச்சருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். என் கருவிப்பெட்டியும் அதே இடப்பக்கம்தான் இருந்தது. அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் வந்து பார்த்து "எங்க?" என்று மட்டும் கேட்டாள். "பாரம் ஜாஸ்தி, குடுத்துட்டேன்" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. இது எங்களுக்குப் புதிதல்ல. வீட்டில் மனஸ்தாபம் வந்தால் அவள் டம்ளரை ணங்கென்று மேசையில் வைப்பாள், நான் எடுத்துக் குடிப்பேன். ஆனால் பேசாமல் குடித்தனம் நடத்த அங்கே மூன்று அறைகள் இருந்தன. படகில் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கிறது, கோபித்துக்கொண்டு எழுந்து போக இடமில்லை.

நேற்றுக் காலை, மேடையில் பழுதுபார்க்கும் வேலை இருக்கிறது, படகை எதிர்க்கரைக்குக் கொண்டுபோங்கள் என்று துறையில் சொன்னார்கள். பேசாமலே கிளம்பினோம். சுக்கான் அவள் கையில், கயிறுகள் என் கையில். படகைத் திருப்பும்போது பாயின் அடிக்கட்டை தலை உயரத்தில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வீசும். அதனால் சுக்கான் பிடிப்பவர் முன்கூட்டியே "குனி" என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் குரல் கொடுக்கவில்லை. டம்ளரால் பலகையில் ஒருமுறை தட்டினாள். அது என் காதில் விழுந்தது, கட்டை வரப்போகிறது என்றும் புரிந்தது. தட்டினால் நான் குனிய வேண்டுமா, வாயைத் திறந்து சொல்லட்டுமே என்ற வீம்பில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு கட்டை அடித்து விழுந்தேன். பாய் தைத்து மிஞ்சிய துணியால் அவள் என் தலையைக் கட்டினாள். தனியாகவே படகைக் கரை சேர்த்து, அங்கிருந்தவர்களைக் கத்திக் கூப்பிட்டாள். அப்போதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள்தான் என்னை அடித்தாள் என்று என் தம்பி புகார் கொடுத்திருக்கிறான். வீட்டை விற்றதில் அவனுக்கு ஆறாத வருத்தம். "அண்ணி கோவத்துல என்ன வேணா செய்வாங்க" என்று அவன் சொன்னது பொய். கோபத்தில் அவள் டம்ளர் தட்டுவாள், அவ்வளவுதான். அதை நம்பி அவளை இந்த வார்டு வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை.

இதை அதிகாரி வாசித்துக் காட்டும்போது, வாசலிலிருந்து என் மனைவி, "ஒரு தடவை இல்ல, மூணு தடவை தட்டினேன். அப்பவும் குனியல இந்த மனுஷன்" என்றாள். உண்மையா என்று அதிகாரி கேட்டார். உண்மை. ஒருமுறை என்றிருப்பதை மூன்று முறை என்று திருத்திக்கொள்ளவும். மெஷின் போன அன்றைக்குப் பிறகு என்னைக் குறித்து அவள் பேசி இப்போதுதான் கேட்கிறேன், அதையும் எழுதுங்கள் என்றேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றேன். எழுதினார்.

இதிலுள்ளது அத்தனையும் நான் சொன்னதே, திருத்தம் மட்டும் அவள் சொன்னது. இரண்டும் நிஜம்.

(கையொப்பம்)