ஜவஹர் பேர் போட்ட பாட்டு

— நாலு பாட்டு பாடிட்டியே தங்கவேலண்ணா... ஒண்ணுத்துக்காவது எங்க வூட்டுக்காரரு திரும்பினாரா?

— இல்லம்மா. எல்லாம் ஜவஹர் டோலக்கு அடிச்ச பாட்டுதான், அன்பு. கல்யாணப் பாட்டுக்குக் கூட...

— முன்னல்லாம் நீ வாயத் தொறந்தாலே "சுருதி போச்சுடா கழுதை"ன்னு திட்டுவாரு. இப்ப சொவத்தைப் பார்த்துக்கினு கெடக்கறாரு.

— கஞ்சி குடிச்சானா?

— ரெண்டு நாளா ஒரு வாய் எறங்கல. ராவெல்லாம் வலியில மொனகறாரு. இதுக்கு மேல ஊசி போட முடியாதாம். மனசுக்குப் புடிச்ச பாட்டு கேட்டா கொஞ்சம் அடங்கும், பாடற ஆளைக் கூட்டினு வான்னு இந்த ஹோம்ல நர்ஸம்மா சொல்லிச்சு.

— அதான் பெரும்பாக்கத்துலேர்ந்து மயிலாப்பூருக்கு ஓடியாந்தேன். இன்னும் ரெண்டு ஜாலி பாட்டு...

— ஜாலியா! நல்லா வருது என் வாயில!

— கத்தாதம்மா, உள்ள கேக்கும்.

— அண்ணா... புதன்கெழம இந்தத் தெருவுல ஒரு சாவு போச்சு, மோளம் அடிச்சிக்கினு. இவரு விரலு கட்டில் கம்பியில தாளம் போட்டுச்சு. அப்பால ஊசி இல்லாமலே தூங்கினாரு.

— சாவு மோளத்துக்கா?

— நீங்க ரெண்டு பேரும் எழவு வூட்ல பாடுவீங்களே... அதைப் பாடு.

— ஏய்! உசுரோட கீற ஆளுக்கா? வாயக் கழுவு மொதல்ல!

— பாடுண்ணா.

— செத்தவன் பேரைப் போட்டுப் பாடறதும்மா அது. அதுல அவன் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு வருமா?

— வேற யாரு பேராச்சும் போடேன்.

— இருவது வருசம் எங்கூட எழவு வூட்ல குந்தினவன். அவனாண்டயே ஏமாத்தவா?

— அவருக்கு வெசயமே தெரியாதுண்ணா. வயித்துல புண்ணு, ஆறிடும்னு சொல்லி வெச்சிக்கீறேன். டாக்டர் கைய விரிச்சதைச் சொல்லல... இன்னாண்ணா, நீ அழுவற?

— அந்தப் பாட்டுல பொண்டாட்டி பேரும் வரும், தங்கச்சி. பக்கத்துல நின்னு கேப்பியா?

— கேக்கறேன். அவரு பேரையே போடு. வலியில்லாம தூங்கட்டும், அது போதும் எனக்கு.

— அப்ப வா உள்ள.

— இப்பவேவா? பாட்டு கட்ட வாணாமா?

— ஆடி மாசமே கட்டியாச்சும்மா. அவந்தான் டோலக்கு அடிச்சு, தன் பேரு இங்க வரணும், அன்பு பேரு இங்க வரணும்னு சொல்லிக் குடுத்தான். "அவளுக்கு வெசயம் தெரிஞ்சா ஒடஞ்சிடுவா மச்சி, அவளா கேக்கற வரைக்கும் பாடாத"ன்னுட்டான்.