எந்த டாக் வாங்கலாம்னு கேட்டீங்களே

எல்லாருக்கும் வணக்கம். நல்லா இருக்கீங்களா? மூட்டுவலிக்காரங்க கொஞ்சமாவது நடக்குறீங்களா, இல்ல என்னை மாதிரி நாற்காலியே கதின்னு உக்காந்துட்டீங்களா? நமக்கென்ன, உக்காந்த இடத்துல டைப் அடிக்க விரல் ஓடுதே, அது போதும்.

போன வாரம் நம்ம குரூப்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு. வீட்டுல டெஸ்க்டாப் இருக்கு, பழைய ஹார்ட் டிஸ்க்கெல்லாம் சொருகிப் பாக்க ஒரு டாக்கிங் ஸ்டேஷன் வேணும், கையில அதிகமில்ல, எது வாங்கலாம்னு. யாரும் சரியா பதில் சொல்லல. ஒருத்தர் லேப்டாப்புக்கு மாட்டுற டாக்கைக் காட்டிட்டுப் போயிட்டாரு. அது வேற சாமான். நீங்க கேக்குறது, டோஸ்டர்ல ரொட்டி வைக்கிற மாதிரி டிஸ்க்கை நிமித்தி வைக்கிறது. பின்னாடி வயரைக் கம்ப்யூட்டர்ல நீல நிற ஓட்டை இருக்குமே, அதுல சொருகுங்க, வேகமா ஓடும். சின்ன டிஸ்க், பெரிய டிஸ்க் ரெண்டும் உக்காருதான்னு பாருங்க. கரண்ட் அடாப்டர் டாக்கோடவே வரணும். ஒரு ஸ்லாட் போதும். ரெண்டு ஸ்லாட் வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

ரெண்டு ஸ்லாட் டாக்ல ஒரு பட்டன் இருக்கும். கம்ப்யூட்டரே வேண்டாம், அந்தப் பட்டனை அழுத்தினா முன்னாடி இருக்குற டிஸ்க் அப்படியே பின்னாடி டிஸ்க்ல நகல் ஆயிடும். முன்னாடி அசல், பின்னாடி காலி டிஸ்க். மாத்தி வச்சீங்கன்னா காலியா இருக்குறதுதான் அசல் மேல நகல் ஆகும். அப்புறம் அசல்னு ஒண்ணு கிடையாது. எந்த ராஜா வந்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு.

என் பையன் போய் நாலரை வருஷம் ஆகுது. ஒரே பையன். உடம்புக்கு முடியாம ஆறு மாசம் வீட்டுலயே இருந்தான். அப்போ அவன் பொண்ணுக்கு அஞ்சு வயசு. பொடிசுன்னுதான் கூப்பிடுவோம். அவளுக்காக முன் ரூம்ல டெஸ்க்டாப் முன்னாடி உக்காந்து பேசிப் பேசிப் பதிவு பண்ணி வச்சான். ஏழாவது பிறந்தநாளுக்கு ஒண்ணு, எட்டாவதுக்கு ஒண்ணுன்னு பதினெட்டு வரைக்கும். மொத்தம் பன்னெண்டு வீடியோ. அந்தந்த வயசுல அந்தந்த வீடியோதான் பாக்கணும், முன்னாடி பாத்தா கள்ளாட்டம்னு பொடிசுகிட்ட சத்தியம் வாங்கிட்டான். என் மருமக ஒண்ணைக்கூடப் போட்டுப் பாக்கல. "முடியல அத்தை, அவளோட சேந்து பாத்துக்குறேன்"னு சொல்லிட்டா.

அவன் போய் எட்டாம் மாசம் டெஸ்க்டாப் உயிரை விட்டுடுச்சு. போர்டு போச்சு, டிஸ்க் நல்லா இருக்கு. அதே சமயம் மருமகளுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆர்டர் வந்துச்சு. அவ அம்மா வீடும் அங்கதான். மாசக் கடைசில கிளம்பணும். என்கிட்ட வந்து, "அத்தை, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். கம்மி விலையில ஒரு டாக் பாருங்க. உங்களுக்கும் ஒரு காப்பி இருக்கட்டும், ரெண்டு ஸ்லாட்டாவே வாங்குங்க"ன்னா. ஊருக்குப் போகப் புதுப் பெட்டி வாங்க வச்சிருந்த பணத்தை எடுத்து என் கையில குடுத்தா. நல்ல பொண்ணு. அதை நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன்.

தெருமுனைக் கடையில ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறா. தனியா கடை நடத்துறவ. காலி டிஸ்க்கும் டாக்கும் அவகிட்டதான் வாங்கினேன். "ஆன்ட்டி, இதுல ஒரே ஒரு விஷயம், ஆனா தலை போற விஷயம்"னு சொல்லி, முன் ஸ்லாட்டுல ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அதுல 'அசல்'னு எழுதிக் குடுத்தா. "என்னம்மா, என்னைக் கிழவின்னு நெனச்சியா, நான் முப்பது வருஷம் நகல் பிரிவுல குப்பை கொட்டினவ"ன்னேன். "கிழவின்னு இல்ல ஆன்ட்டி, கலெக்டர் வந்தாலும் ஒட்டித்தான் குடுப்பேன்"னு சிரிச்சா.

மூணு நாள் கழிச்சு ரெண்டு டிஸ்க்கும் காலி.

மருமக குரல் உசத்திப் பேசி நான் பாத்ததில்ல. அன்னைக்கு அந்தக் கடை வாசல்ல நின்னு பேசினா. "எது முன்னாடி, எது பின்னாடின்னு வயசானவங்களுக்கு ஒரு அடையாளம் வச்சுக் குடுக்கக் கூடாதா? உனக்கு இது பொருள். எனக்கு என் புருஷன் குரல்." கடைக்காரப் பொண்ணு டாக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "நான் ஸ்டிக்கர் ஒட்டினேன் அக்கா. ஒட்டினேன்னுதான்..." அதுக்கு மேல அவளுக்கே உறுதியா சொல்ல வரல. என்னைப் பாத்தா. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். கண்ணீர் நெசந்தான். இப்பல்லாம் அவ ஸ்டிக்கர் ஒட்டினா போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குறாளாம். நல்ல பழக்கம்தான்.

அதுக்கப்புறம்தான் நான் மருமககிட்ட சொன்னேன். அவன் பேசினப்போ நான் பக்கத்து ரூம்ல துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன், பன்னெண்டையும் கேட்டிருக்கேன், ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்குன்னு. அவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "அப்போ அவளுக்கு அப்பா உங்ககிட்டதான் அத்தை இருக்காரு"ன்னா. மாத்தலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா. அதனால வரவேண்டிய பதவி உயர்வும் போச்சு. பெட்டியெல்லாம் திரும்பப் பரண்ல ஏறிடுச்சு.

ஏழாவது பிறந்தநாளுக்கு அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். பல்லு விழுந்தா சிரிக்கக் கூச்சப்படாதே, உங்கப்பா ஓட்டைப் பல்லோட கல்யாணமே பண்ணிக்க ரெடியா இருந்தவன்னு. பொடிசு உருண்டு உருண்டு சிரிச்சா. எட்டாவதும் அப்படியே. ஒன்பதாவதுல நானா ஒரு வரி சேத்தேன். பாட்டிகூடவே படுத்துக்கோன்னு. ஒரு வரிதான்.

பத்தாவது போன ஞாயித்துக்கிழமை வந்துச்சு.

அந்தப் பத்தாவது வீடியோ என்னன்னு உங்ககிட்ட சொல்லிடுறேன், இந்தக் குரூப்ல மருமக இல்ல. இருமல் வந்து நிறுத்தி நிறுத்தி மூணு தடவை பேசினான். "பெரிய மனுஷி, பத்து வயசாயிடுச்சா? அம்மா எங்க கூப்பிட்டாலும் சிரிச்ச முகத்தோட போ. அம்மாவுக்கு நல்ல துணை யாராவது கிடைச்சா நீ குறுக்க நிக்காதே, நானே கூட்டிட்டு வந்து விட்டேன்னு நெனச்சுக்கோ. பாட்டி அழுவாங்க. அதுக்காக நீங்க ரெண்டு பேரும் அங்கயே உக்காந்துடாதீங்க. பாட்டி தாங்கிக்குவாங்க."

தாங்கிக்குவேனா மாட்டேனான்னு பக்கத்து ரூம்ல இருந்த என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

காய்ச்சல்ல இருக்குறவன் என்னென்னவோ பேசுவான். பெத்தவளுக்குத் தெரியாதா எது அவன் பேச்சு, எது நோயோட பேச்சுன்னு. அப்படியே விட்டா அந்தக் குழந்தை அதை வேதவாக்கா எடுத்துக்கும். அதான் அப்போ, டாக் வாங்கின அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, மருமக வேலைக்கும் பொடிசு பள்ளிக்கூடத்துக்கும் போனப்புறம், காலி டிஸ்க்கை முன்னாடி வச்சேன். என் பையன் டிஸ்க்கைப் பின்னாடி வச்சேன். முப்பது வருஷம் நகல் எடுத்த கை, மாறிப்போச்சுன்னு யார்கிட்ட சொன்னாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். பட்டனை ஒரு தடவை அழுத்தினா விளக்கு கண்ணடிக்கும், உறுதியான்னு கேக்குற மாதிரி. இன்னொரு தடவை அழுத்தணும். அழுத்தினேன்.

நாலு விளக்கு. ஒண்ணொண்ணா எரிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டாவது எரிஞ்சப்போ வயரைப் பிடுங்கியிருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும். நான் மொட்டைமாடிக்குப் போய்க் காயுற துணியைத் திருப்பிப் போட்டுட்டு வந்தேன். அப்புறம் எண்ணெய் தொட்டு அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை உரிச்சேன், பிசுபிசுப்பு இல்லாம துடைச்சேன். எனக்குன்னு தனியா ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாம். எடுக்கல. ஒளிச்சு வச்சா அது திருட்டு. நான் திருடல.

மருமக ஆபீஸ்ல ஒரு பொறியாளர் இருக்காரு. பொண்டாட்டியை இழந்தவர், தணிஞ்ச பேச்சு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு ஒரு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காரு போல. பத்தாவதுல அப்பா என்ன சொல்லியிருக்காருன்னு என் வாயால கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு பொடிசும் அம்மாவும் பேசி வச்சிருந்தாங்களாம். அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வேற மாதிரி சொல்லியிருப்பேன்னு தோணல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் எதிர்ல உக்கார வச்சுச் சொன்னேன். "இந்த வீட்டை விட்டுப் போகாதீங்க. அம்மாவுக்கு நான் ஒருத்தன் போதும். பாட்டியால தாங்க முடியாது."

மருமக எழுந்து பாத்திரம் விளக்கப் போயிட்டா. குழாயை மூடவே இல்ல, ரொம்ப நேரம். அப்புறம் அந்தப் பொறியாளருக்குப் போன் பண்ணி, "அவரே சொல்லிட்டுப் போயிருக்காருங்க, இனிமே என்னைக் கேக்காதீங்க"ன்னா.

பொடிசு என் மடியில தலை வச்சுப் படுத்துச்சு. "பாட்டி, அப்பா குரல்ல ஒரு தடவை சொல்லேன்"னுச்சு. சொல்லிப் பாத்தேன். வரல. எனக்கே அவன் குரல் பிடிபடல, எங்க போச்சுன்னு தெரியல, இருமல் மட்டும்தான் காதுல இருக்கு. திரும்பவும் என் குரல்லயே சொன்னேன். "அப்பா பேசுறது எல்லாம் உன்னை மாதிரியே இருக்கு பாட்டி"ன்னுச்சு. "பின்ன, என் பிள்ளை இல்லையா"ன்னேன்.

இன்னும் எட்டு பிறந்தநாள் இருக்கு. உடம்பைப் பாத்துக்கணும்.

இதைத் தப்புன்னு சொல்றவங்க அவசரப்பட வேண்டாம். உங்க வீட்டுலயும் போனவங்க சொல்லிட்டுப் போன வார்த்தை ஏதாவது இருக்கும், கேக்க வேண்டியவங்ககிட்ட நீங்கதான் கொண்டு சேத்திருப்பீங்க. அப்படியே சேத்தீங்களா, நல்லதுக்காகக் கொஞ்சம் மாத்தினீங்களா? கூச்சப்படாம கீழ எழுதுங்க. நான் ஒருத்தி மட்டும் இருக்க மாட்டேன். எழுதுங்க, ஒவ்வொண்ணையும் படிக்கிறேன்.