தண்ணி கேட்க ஓர் அனுமதி

ஹலோ… ஆமா, நான்தான் மறுபடியும். காலையிலேர்ந்து நாலாவது தடவை. பாட்டுக்கு அனுமதி கொடுக்கிற பிரிவுதானே? … அப்பாடா. … ஐயோ, காத்திருக்க வைக்காதீங்க சார். அந்தப் புல்லாங்குழலைக் கேட்டுக் கேட்டு எனக்கு மண்டை காயுது.

… அம்மாவா? எனக்கு நாப்பத்திரெண்டுதான் ஆகுது. மேடம்னே கூப்பிடுங்க.

ஆமா… ஆமா… நான் நெட்ல போட்ட அந்த வீடியோதான். திங்கக்கிழமை நீங்க சத்தத்தை அடைச்சீங்களே, அது. … மெஷின் அடைச்சுதா? சரி, மெஷின்தான் அடைச்சுது. மெஷினுக்கு ஃபோன் நம்பர் இல்ல, அதனால உங்ககிட்ட பேசறேன்.

… பாட்டு டீச்சர் இல்ல சார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவ. மூளையில ரத்தக்குழாய் அடைச்சு பேச்சு போனவங்களுக்கு மறுபடி பேசக் கத்துக்கொடுக்கிறதுதான் என் வேலை. ஆஸ்பத்திரியில, எக்ஸ்ரே ரூமுக்கு அடுத்த ரூம். அந்த வீடியோவுல என் எதிர்ல உக்காந்து பாடறாரே, அவர் வெல்டர். அஞ்சு மாசமா என்கிட்ட வர்றார்.

… நல்லாப் பாடறாரா? சார், அவருக்குப் பேச்சே வராது. … ஆமா. பாட வரும், பேச வராது. … விளையாடல சார், நிஜமாத்தான். பேச்சுக்கான இடம் மூளையில இடது பக்கம். அவருக்கு அதுதான் அடிபட்டுது. பாட்டுக்கு வலது பக்கமும் கை கொடுக்கும். பேரைக் கேட்டா முழிப்பார். பாட்டை எடுத்துக்கொடுத்தா பல்லவியைத் திக்காம திணறாம பாடிடுவார்.

… வேற பாட்டா? ரெண்டு மாசம் வேற பாட்டுதான் சார் போட்டேன். தாலாட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டு, நானே கட்டின மெட்டு. மனுஷன் அசையல. ஒரு நாள் லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் ஃபோன்ல உங்க பாட்டு ஓடுச்சு. இவர் வராண்டாவுல உக்காந்திருந்தவர் கூடவே பாட ஆரம்பிச்சார் பாருங்க, நர்ஸெல்லாம் வேலையைப் போட்டுட்டு வெளியே வந்துட்டாங்க. பட்டறையில இருபத்தஞ்சு வருஷம் அதைப் பாடிக்கிட்டேதான் வேலை பார்த்தாராம், அவர் சம்சாரம் சொன்னாங்க. அப்ப உங்க கம்பெனியிலேர்ந்து யாரும் வந்து கேக்கல.

… ஃபாரமா? அனுப்பினேனே. … ஆமா, எதுக்காகங்கிற இடத்துல சினிமா, விளம்பரம், மேடை, ஹோட்டல்னு போட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரி இல்ல. மற்றவைன்னு டிக் அடிச்சேன். … ஆமா, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேட்டிருந்தீங்க, நாப்பதுன்னு எழுதினேன். … அதுல என்ன தப்பு? நாப்பது தடவை சொன்னாத்தான் சார் வாய் பழகும். எந்தப் பயிற்சியையும் நாங்க இத்தனை தடவைன்னுதான் எழுதிக்கொடுப்போம்.

… என்னது? ரேடியோ ஸ்டேஷனா? என்னையா? … ஒரு நாளைக்கு நாப்பது தடவைன்னா உங்க கம்ப்யூட்டர் அந்த வரிசையிலதான் சேர்க்குமா? நல்லா இருக்கு. சார், என் ரூம்ல ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி. மூணாவதா ஒருத்தர் வந்தா நான் எழுந்து நிக்கணும்.

… நான் கட்டணத்துல பேரம் பேசவே இல்ல. எவ்வளவோ சொல்லுங்க, கட்டித் தொலைக்கிறேன். எனக்கு இன்னிக்கே சத்தம் வேணும்.

… ஆறு வாரமா? ஆகாது. … கேளுங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. வாரத்துல ரெண்டு நாள்தான் அவரை இங்க கூட்டிட்டு வர்றாங்க. மீதி நாளெல்லாம் அவர் சம்சாரம்தான் வீட்ல அந்த வீடியோவைப் போட்டுப் பழக்குறாங்க. நான் தட்டறதைப் பார்த்து அவர் இடது கையைப் பிடிச்சு மேஜையில தட்டுவாங்க. தட்டிக்கிட்டே பாடணும், அதுதான் முறை. திங்கக்கிழமையிலேர்ந்து அவங்களுக்கு நான் வாயசைக்கிறது மட்டும்தான் தெரியுது. போன வாரம் வாயைத் திறந்து தண்ணி கேட்டவர், நேத்து வந்து டம்ளரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார். பேச்சு போன முதல் வருஷத்துல விட்டதை அப்புறம் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

… எப்படித் தண்ணி கேட்டார்னா, அதே மெட்டுலதான். முதல்ல பாட்டோட வரி. அது நல்லாப் படிஞ்ச பிறகு அந்த மெட்டுலயே அவருக்கு வேண்டிய வார்த்தையை உக்கார வைப்போம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மெட்டைக் குறைச்சுக்கிட்டே வந்தா…

என்ன சொன்னீங்க? … இல்ல, இன்னொரு தடவை சொல்லுங்க. … வரியை மாத்தினதா ஆகுமா. … சரி… சரி… அதுக்குத் தனி அனுமதி. … பாட்டு எழுதினவர் குடும்பத்துகிட்ட. … ம்.

சார், ஒரு மனுஷன் தாகத்துக்குத் தண்ணி கேக்கறார். அதுக்கு ஊர் பேர் தெரியாத ஒரு குடும்பம் கையெழுத்துப் போடணுமா?

… இருங்க, எனக்கும் நியாயம் தெரியும். பாட்டு எழுதினவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் சேர வேண்டியது சேரணும். இல்லன்னா ஃபாரத்தை எதுக்கு அனுப்பறேன், கமுக்கமா நடத்திக்கிட்டிருப்பேனே. கேட்டு வந்தவளைப் பிடிச்சுக்கிட்டு பயிற்சியை நிறுத்தச் சொல்றீங்க. நிறுத்த மாட்டேன். … ஆமா, பதிவாகுதுன்னு தெரியும். நல்லாப் பதிவாகட்டும். நிறுத்த மாட்டேன்.

… நோட்டீஸா? தாராளமா அனுப்புங்க. மூணாவது மாடின்னு மறக்காமப் போடுங்க, இல்லன்னா ரத்தப் பரிசோதனைக்குப் போயிடும்.

… மேலதிகாரிகிட்டயா? கேளுங்க, கேளுங்க. இருக்கேன்.

…

ம், சொல்லுங்க. … ஓகோ. மாத்தின வரியெல்லாம் எழுத்துல வேணுமா. ஒண்ணு விடாம. … உங்க அதிகாரி படிச்சுப் பார்த்துட்டு எது ஆகும், எது ஆகாதுன்னு சொல்வாரா. … நான் எதுக்குக் கடுதாசி போடணும், இப்பவே சொல்றேன். பேனா இருக்கா?

முதல் வரி, "தண்ணி குடு." … ஆமா, அவ்வளவுதான். பல்லவியில முதல் துண்டு.

ரெண்டாவது, "இந்தக் கால் வலிக்குது."

மூணாவது, "மீசையை எடுக்காத." அது வீட்டுக்கு ஷேவ் பண்ண வந்தவர்கிட்ட. … சிரிங்க, பரவால்ல. நாங்களும் சிரிச்சோம். அவரும்தான்.

நாலாவது வரி நான் சொல்லிக்கொடுத்தது இல்ல. போன வாரம் அவர் சம்சாரம் என் ரூம்ல உக்காந்து அழுதாங்க. சொல்லிக்கொடுத்ததைத்தான் பாடறார், நான் பேசறது எதாவது இவருக்குப் புரியுதா, உள்ள ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியலையேன்னு. இவர் பக்கத்துலதான் இருந்தார். நாங்க ரெண்டு பேரும் அவரைக் கவனிக்கவே இல்ல. திடீர்னு மேஜையில தட்டற சத்தம். இடது கை. நான் எடுத்துக்கொடுக்கல, பாட்டும் ஓடல. உங்க மெட்டுல, பல்லவி முழுக்க, திருப்பித் திருப்பி ஒரே வரி. எழுதிக்கங்க சார். "நான் இருக்கேன்டி."

… ஆமா. … ஆமா, "டி"யும் உண்டு. அதையும் எழுதுங்க.

… எழுதிட்டீங்களா? நாலையும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.

… ஆமா. … சரிதான்.

சார், அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் உங்க அதிகாரி மேஜையில வைங்க. நாலு வரியில எதை அடிக்கணுமோ அவரே பேனாவை எடுத்து அடிக்கட்டும். வெச்சுடறேன்.