தூசு துடைக்காத படம்

— கையை எடுங்க பவியேட்டா! ஸ்கேனரைத் தட்டினா ஓடாது. அதென்ன ஆளா, ரெண்டு போட்டதும் உண்மையைக் கக்கறதுக்கு?

— அப்ப ஓட வைடா ஜயா. நான் வந்ததுல இருந்து ஒரே வயரை மாத்தி மாத்திச் சொருகிட்டிருக்க.

— கேட்டீங்களா, மிஷின் எங்கப்பா காலத்துது. கம்ப்யூட்டர் புதுசு. அவர் வெச்சிருந்த சிடியைப் போட்டா, இப்படி ஒரு மிஷினே இருக்கறதா காட்ட மாட்டேங்குது. வேற சாஃப்ட்வேர் இறக்கிட்டிருக்கேன். பொறுங்க.

— ஷைனி எப்ப வருவா?

— ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சு தலச்சேரியில இருந்து பஸ் பிடிக்கணும். அவ வந்தப்புறம் மூணு பேரும் சேர்ந்து எங்கப்பா எடுத்த படத்தைப் பார்க்கலாம்னுதான் பேச்சு. 'எங்கப்பாவை வெட்டினவனும் பக்கத்துல உட்காரணும்'னு அவதான் சொன்னா. நீங்க என்னடான்னா மத்தியானமே வந்துட்டீங்க.

— அவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதை எப்படிடா முதல் தடவை பார்ப்பேன்? அவங்கப்பன் கோவிந்தனை நான் வெட்டினப்ப அவ சைக்கிள் பார்ல உட்கார்ந்திருந்தா.

— தெரியும் ஏட்டா. ஊருக்கே தெரியும்.

— உனக்கு ஒண்ணும் தெரியாது. முதல் வெட்டு தோள்ல விழுந்துச்சு. சைக்கிள் சாயறப்பவும் பிள்ளையைப் புல்லு மேல தள்ளிவிட்டுட்டுத்தான் அவன் விழுந்தான். நான் விடல. கையைத் தூக்கினான், கையில வெட்டினேன். அசைவு நின்ன பிறகும் வெட்டினேன். அவ ஸ்கூல் பையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நிக்கறா, மழைக்குப் பிடிப்பாங்களே, அப்படி. அவங்கப்பன் ரத்தம் அந்தப் பை மேல தெறிக்குது. அழவே இல்ல அவ. அழுதிருந்தாலாவது...

— போதும், விடுங்க.

— ஜெயில்ல தறியில உட்கார்ந்தா ஒவ்வொரு இழைக்கும் அந்தப் பைதான்டா கண்ணு முன்னாடி.

— உங்க தம்பி சுதீஷைக் காவுக் கோயில் வாசல்ல வெட்டிக் கொன்னதுக்குத்தானே போனீங்க?

— கோவிந்தன்தான் வெட்டினான்னு கட்சி ஆபீஸ்ல சொன்னாங்க. வாளையும் கையில குடுத்தாங்க. போனேன். நான் உள்ள போனதும் பேச்சை மாத்திட்டாங்க, கோவிந்தன் அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னு. வெளிய வந்து எங்க வீட்டுக் கதவைத் தட்டறேன், அம்மா திறக்கல. 'தப்பான ஆளைக் கொன்னவனுக்கு இங்க சோறில்ல'ன்னு உள்ள இருந்தே சொல்றா.

— சரியான ஆளைக் கொன்னிருந்தா போட்டிருப்பாங்களாக்கும்.

— போட்டிருப்பா. சுதீஷ் அவளுக்குக் கடைக்குட்டி. மீனும் வறுத்து வெச்சிருப்பா.

— எங்கப்பா அன்னைக்குத் தெய்யம் ஆட்டத்தைப் படமெடுக்கத்தான் காவுக்குப் போனார். வாளைப் பார்த்துக் கூட்டம் சிதறினப்பவும் கை தன்னால பட்டனை அமுக்கிடுச்சுன்னு சாகறப்பதான் சொன்னார். பயத்துல ஒருத்தருக்கும் காட்டல. ஓட்டுக்கடியில பிஸ்கட் டப்பாவுல போட்டு... கேட்டீங்களா சத்தம்? உள்ள விளக்கு சூடாகுது! இதோ, திரையில மிஷின் பேரும் வந்துடுச்சு.

— ஃபிலிமைப் போடு.

— பொறுங்க, ஓரத்தைத்தான் பிடிக்கணும். விரல் ரேகை பட்டா போச்சு. சுருண்டு கிடக்கு பாருங்க, இந்தச் சட்டத்துல வெச்சு நிமிர்த்தணும். ம்... உள்ள போகுது.

— என்னடா இது? மூணு உடம்பு வாளோட ஓடுது. ஒருத்தனுக்கும் முகத்தைக் காணோமே, மெழுகு உருகின மாதிரி இருக்கு!

— அய்யய்யோ, தூசு துடைக்கறதை அணைக்காம விட்டுட்டேன். கலர் ஃபிலிம்ல கீறலையும் தூசையும் அதுவே தேடி அழிக்கும். இது கறுப்பு வெள்ளை. முகத்தையே தூசுன்னு நினைச்சுத் துடைச்சிருக்கு. இருங்க, அணைச்சுட்டு மறுபடி ஓட்டறேன்.

— சீக்கிரம்.

— இப்ப பாருங்க. மூணு பேர் முகமும் பளிச்சுன்னு இருக்கு. மூணு பேரும் போய்ச் சேர்ந்துட்டவங்க.

— கோவிந்தன் இல்ல.

— இல்லைதான்.

— ஜயா, இதுல கோவிந்தன் இல்லடா! ஒண்ணும் செய்யாதவனைக் கொத்திப் போட்டிருக்கேன்டா!

— பவியேட்டா, தலையைச் சுவத்துல முட்டாதீங்க! ரத்தம் வருது! இன்னொரு படம் இருக்கு, அதையும் பார்த்துடலாம். இதோ வருது... அய்யோ. கீழ கிடக்கறது சுதீஷ்.

— கையைத் தூக்கிக் கும்பிடறான். அந்தக் கையில பாதிதான் இருக்கு. மேல நிக்கறவனைப் பெரிசாக்கு.

— இதுக்கு மேல போனா புள்ளி புள்ளியா...

— ஆக்குடா!

— ஏட்டா... கோவிந்தேட்டன். புருவத்துத் தழும்பு கூடத் தெரியுது. வாளை ஓங்கிட்டு நிக்கறார். அவரேதான்! நீங்க வெட்டினது தப்பான ஆளை இல்ல! இதை அச்சடிச்சுக் கொண்டு போய் உங்கம்மா கையில குடுங்க. கதவு தன்னால திறக்கும்.

— சிரிக்கறான் பாரு. என் தம்பி கும்பிடறான், இவன் பல்லைக் காட்டறான். இன்னைக்கு உயிரோட இருந்தா இன்னொரு தடவை வெட்டுவேன்.

— அதோ, ஷைனி பஸ்ஸை விட்டு இறங்கறா. ரோட்டுக்கு அந்தப் பக்கம், குடையோட.

— அவளா? வளர்ந்துட்டா. ...கத்தரிக்கோல் எடு.

— எதுக்கு?

— இந்தப் படத்தை மட்டும் நறுக்கு. கம்ப்யூட்டர்ல இருந்தும் அழி.

— பைத்தியமா உங்களுக்கு? எங்கப்பா உயிரைக் கையில பிடிச்சுக் காப்பாத்தின படம்! உங்களுக்கிருக்கற ஒரே சாட்சி! முடியா... ஏட்டா, கழுத்தை விடுங்க! மூச்சு...

— கொன்னுடுவேன் ஜயா. எனக்கு அது புதுசில்ல. அழி!

— அழிக்கறேன்... அழிச்சாச்சு. விடுங்க... இந்தாங்க, நறுக்கியாச்சு. அய்யோ, தீக்குச்சி வேண்டாம் ஏட்டா, சொல்றதைக் கேளுங்க!

— எரிஞ்சு முடியட்டும். நீ வாயைத் திறக்கக் கூடாது. போய்க் கதவைத் திற.

— ஜயேட்டா, என்ன கருகின நாத்தம்? உங்க கழுத்துல என்ன, விரல் பதிஞ்சிருக்கு? ஓ, இந்தாளு அதுக்குள்ள வந்தாச்சா? நெத்தியில ரத்தம் வேற. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களா?

— ஒண்ணுமில்ல ஷைனி. வயர் சூடாயிடுச்சு. வா, படம் வந்துடுச்சு.

— காட்டுங்க. ...மூணே பேர். எங்கப்பா எங்க? இல்ல பார்த்தீங்களா? இல்லவே இல்ல! அடுத்த படம்?

— அதோட... அதோட ஃபிலிம் முடிஞ்சிடுச்சு.

— இது போதும். உங்க கட்சி பேச்சை மாத்தியும் ஊர் நம்பல. கொலைகாரன் மகள்னு கிளாஸ்ல என் பக்கத்துல ஒருத்தி உட்காரல. எங்கம்மா அதைக் கேட்டுக் கேட்டே படுக்கையில விழுந்தா. இன்னைக்கு இதை அவ கண்ணு முன்னாடி நீட்டுவேன். அப்புறம் பெரிசா அச்சடிச்சு உங்கம்மா வீட்டுக் கதவுல ஒட்டுவேன். உங்களைத்தான் சொல்றேன், நிமிர்ந்து பாருங்க! எந்தக் கையால வெட்டினீங்க? இந்தக் கையா? இதா?

— ஷைனி, கத்தரிக்கோலைக் கீழ போடு! குத்தாதே! ஏட்டா, சொல்லித் தொலைங்க, இல்லைன்னா நான் சொல்லிடுவேன்!

— நீ சும்மா இரு ஜயா. அவ குத்தட்டும்.

— வாயைத் திறந்து சொல்லுங்க. உங்க தம்பியை வெட்டினவங்கள்ல எங்கப்பா இருந்தாரா?

— இல்ல மோளே. உங்கப்பா அந்தப் பக்கமே வரல. நான் கொன்னது தப்பான ஆளைத்தான்.